நான்கு நாளில் விட்ட வீடு

1. போன்

புதன்கிழமை சாயந்திரம் ஐந்து மணி. மீன் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்தேன். சதீஷ். திங்கட்கிழமை காலையில்தான் அவனையும் அவன் மனைவி கௌரியையும் புது வீட்டில் குடிவைத்திருந்தேன்.

"அக்கா, இந்த வீடு வேணாங்க்கா."

"இன்னா ஆச்சு? தண்ணி வரலியா?"

"தண்ணி வருது."

அவன் அதைச் சொன்ன விதம் சரியில்லை.

"கரண்டு பிரச்சினையா? மேல் வீட்டுல சத்தமா? மேல் வீட்டுக்கு இன்னும் ஆளே வரலியே."

"இன்னிக்கு மத்தியானம் கௌரிய ஏரியில இருந்து இழுத்துட்டு வந்தேங்க்கா. இடுப்பு வரைக்கும் எறங்கிட்டா. அவளுக்கு நீச்சல் தெரியாது. நல்லவேளை, சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டேன்னு எடுக்க வந்தேன்."

மீனை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

2. கூடையும் சாவியும்

என் பெயர் தேசம்மா. ஐந்தாவது வரை படித்தேன். பழவேற்காட்டில் வீட்டு புரோக்கர் வேலை செய்கிறேன். இந்தத் தொழிலுக்கு இப்போது சின்னப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். போனிலேயே வீடு காட்டி போனிலேயே முடிக்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முன்பு மீன் கூடை சுமந்தேன். பொன்னேரி வரைக்கும் வீடு வீடாகப் போவேன். சாமான் கட்டுகிற வாரத்தில் யாரும் மீன் வாங்க மாட்டார்கள். எந்த வீட்டில் "இன்னிக்கு வேணாம்" என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் சொல்கிறார்களோ, அந்த வீடு காலியாகப் போகிறது. ஓனருக்கே பிறகுதான் தெரியும். துறைமுகக் கம்பெனிகளுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வேலைக்கு வந்து, வீடு கேட்டு அலைந்தார்கள். நான் காட்டினேன். கூடையை இறக்கி வைத்தேன்.

இந்த வீடு ஏரி ஓரத்தில் புதிதாகக் கட்டிய எட்டு வீட்டில் ஒன்று. கீழே நான்கு, மேலே நான்கு. ஓனர் காட்டூர்க்காரர், கோதண்டம். நெல் விவசாயி. ஏரி பக்கம் அவருக்குப் பழக்கமில்லை. கோடையில் காய்ந்து கிடந்த ஓர இடத்தை வாங்கி, லாரி லாரியாக மண் கொட்டி, சுவர் எழுப்பினார். எட்டில் முதலில் போன வீடு கீழே பின்பக்கத்து வீடு. அதை எடுத்தவன் சதீஷ். ஞாயிற்றுக்கிழமை அக்ரிமெண்ட். பதினோரு மாதம். அதில் ஆறு மாதம் லாக்-இன், அதாவது அதற்குள் காலி செய்யக்கூடாது.

அந்த இடம் முன்னால் என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும். தண்ணீர். எங்கள் ஊர் ஆட்கள் இறால் வலை கட்டிவந்த இடம். வீடு காட்டும்போது நான் அதைச் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை. மண் கொட்டினால் கரைதானே என்று இருந்துவிட்டேன்.

3. நேரம்

நான் போனபோது கௌரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகமாட்டேன் என்றாள். விழுப்புரம் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாவாடை ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது. அழவில்லை. கணக்குச் சொல்வது போல வரிசையாகச் சொன்னாள்.

"திங்கக்கிழம பாத்திரம் அடுக்கிட்டு இருந்தேன். பின்னாடி சன்னல் பக்கம் ரெண்டு தட்டு சத்தம். கட்டைய கட்டையில தட்டுற மாதிரி. அப்புறம் ஒரு ஆம்பளக் குரல், 'இன்னிக்கு யாரு பாடு?'ன்னு கேட்டுச்சு. எனக்கு அது புரியல. பக்கத்து ஆளு யாரோ, யாரு குடி வந்திருக்காங்கன்னு கேக்குறாருன்னு நெனச்சேன். 'நாங்கதான்'னேன். எட்டிப் பாத்தேன். யாரும் இல்ல."

"அப்பறம்?"

"செவ்வாக்கிழமையும் அதே மாதிரி. தட்டுச்சு, கேட்டுச்சு. நான் பதிலே சொல்லல. ஆனா என் வாய் சொல்லிடுச்சு, 'நாங்கதான்'னு. அன்னிக்கு ஹால்ல தண்ணி. நடு ஹால்ல. சுவரு ஓரமெல்லாம் காஞ்சுதான் இருந்துச்சு. தொடச்சேன். இன்னிக்கு கேட்டப்ப சரின்னு எழுந்து போயிட்டேன். எப்படிப் போனேன்னு தெரியல. நம்மளுதுன்னு சொல்லிட்டோம், அப்ப எறங்கித்தானே ஆகணும்னு இருந்துச்சு."

சதீஷ் என் முகத்தைப் பார்த்தான். "டாக்டர்கிட்ட காட்டலாமாக்கா?"

"காட்டலாம். கண்ணு, மொத நாளு எத்தன மணி இருக்கும்?"

"பதினொண்ணு."

"நேத்து?"

"பன்னெண்டுக்கு கொஞ்சம் முன்னாடி."

"இன்னிக்கு?"

சதீஷ் சொன்னான். "நான் வந்தப்ப பன்னெண்டே முக்கால்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. பயமோ மனக்கோளாறோ கடிகாரம் பார்த்து வராது. தினமும் முக்கால் மணி, ஒரு மணி தள்ளித் தள்ளி வருவது ஒன்றுதான். எங்கள் ஏரி கடலோடு சேர்ந்தது; அதில் தண்ணீர் வற்றுகிற நேரம். விழுப்புரத்துப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்.

கதவைப் பூட்டினேன். "ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வாங்க. மீன் கழுவி வெச்சிருக்கேன்" என்றேன்.

4. கழி

பாடு என்றால் என்ன என்று வெளியூர் ஆட்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறால் நிறைய வருகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் இறங்க முடியாது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை கோயில் முன்னால் ஊர் கூடிச் சீட்டு எடுப்பார்கள். எந்த இடத்தில் எந்த நாள் யாருக்கு என்று முறை விழும். அந்த முறைதான் பாடு.

எங்கள் ஊரில் பாடு கூப்பிட என்று ஓர் ஆள் உண்டு. தண்ணீர் வற்ற ஆரம்பித்ததும் அவர் தன் படகில் நின்று, கழியால் படகு விளிம்பில் இரண்டு தட்டு தட்டி, "இன்னிக்கு யாரு பாடு?" என்று கேட்பார். முறை உள்ளவன் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னவன் இறங்கியே ஆகவேண்டும். முடியாது என்றால் அங்கேயே, ஒரு சாட்சி வைத்து, வாயால் "விட்டுட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் கரையேறினால் அந்த இடம் யாருக்கும் இல்லாமல் தொங்கும்.

என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வருடம் பாடு கூப்பிட்டார்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம். வலை கட்டுகிறவன் கட்டி முடிக்கிறவரை கூப்பிட்டவர் அங்கேயே நிற்கவேண்டும் என்பது முறை. நின்றார். வாடைக்காற்று திடீரென்று ஏறியது. வலை கட்டியவன் நீந்தி வந்துவிட்டான். இவரை மூன்றாம் நாள் முகத்துவாரத்தில் எடுத்தார்கள். கழி மட்டும் நின்ற இடத்திலேயே சேற்றில் குத்தி நின்றது. அதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்கள்.

கூப்பிடுகிறவர் போய்விட்டால் அவர் வீட்டார் கழியை எடுத்துப் போய் ஊர் முன்னால் வைத்து, "விட்டுட்டோம்" என்று சொல்லவேண்டும். நான் போகவில்லை. அந்த வருடமே அந்த இடம், இப்போது கோதண்டத்தின் வீடு நிற்கிற இடம், மண்ணடித்துத் தூர்ந்தது. யாரும் அங்கே வலை கட்டப் போகவில்லை. இடமே இல்லாதபோது எதை விடுவது என்று நினைத்தேன். யாரும் வந்து கேட்கவும் இல்லை. எனக்குத் துணி காயப்போடக் கழி வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலையில் கௌரிக்கும் சதீஷுக்கும் டீ கொடுத்தேன். பிறகு கொல்லையில் காய்ந்த துணியை எடுத்தேன். கழியின் ஒரு முனை கூரையில், மறுமுனை முருங்கை மரத்துக் கவையில். துணியை உருவும்போது முனை நழுவிக் கீழே விழுந்தது. கீழே துணி துவைக்கப் போட்டிருந்த பழைய படகுப் பலகை. அதன் மேல் விழுந்து ஒருமுறை இடித்தது. எழும்பி இன்னொரு முறை இடித்தது.

உள்ளே டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. கௌரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதே சத்தம்தாங்க்கா."

நான் கழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு வருடம் அதன் மேல் புடவை காயப்போட்டிருக்கிறேன்.

5. காட்டூர்

பஸ் பிடித்துக் காட்டூர் போனேன். கோதண்டம் களத்தில் நெல் அள்ளிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"நாலு நாள்ல காலி பண்றேன்னா அது இன்னா வீடா, லாட்ஜா?"

"அந்தப் பொண்ணு ஏரில எறங்கிட்சி, நைனா."

"அதுக்கு ஏரி மேல கேஸ் போடு. என் வீடு இன்னா பண்ணும்? லாக்-இன் ஆறு மாசம்னு நீதானே பக்கத்துல ஒக்காந்து படிச்சிக் காட்டின?"

"படிச்சது பத்திரம் எழுதுறவரு. நான் தலையாட்டினேன்."

"தலையாட்டினது நீதானே. அந்தத் தலைய இப்பவும் ஆட்டு." பக்கத்தில் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குரலை இறக்கினார். "யக்கா, நான் கேக்கறத கேளு. மொத குடியே நாலு நாள்ல ஓடிட்சின்னா மீதி ஏழு வீட்டுக்கு எவன் வருவான்? பேய் வீடுன்னுவான். நெலத்த வித்துக் கட்டினது."

"நான் எங்கயும் அந்த வார்த்த சொல்லல."

"சொல்லாத. அதான் கேக்குறேன்."

"சொல்லல. நீ ஒண்ணரை மணிக்கு அங்க வந்து நில்லு. பாத்துட்டு, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. ஆறு மாசமும் அவங்கள நானே இருக்க வெக்கிறேன்."

"வியாழக்கிழம ஒண்ணரைக்கு ராகு காலம். நான் வாசப்படி தாண்ட மாட்டேன்."

"நானும் தாண்டறதில்ல. இன்னிக்கு தண்ணி அப்பதான் வத்துது."

அவர் மண்வெட்டியை நெல்லில் குத்தினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் சதீஷ் சண்டைக்கு நின்றான். "அவள மறுபடி அங்கயே கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா? நான் போறேன். கையெழுத்து போட்டது நான்தானே?"

"நீ கையெழுத்து போட்டது கோதண்டத்துகிட்ட. இவ பதில் சொன்னது வேற ஆளுகிட்ட. சொன்னவ வாயாலதான் விடணும்."

"இல்லன்னா?"

"நாளைக்கு ரெண்டரை மணிக்கு அது கேக்கும். நீ டூட்டில இருப்ப."

கௌரி எழுந்து முடியைக் கட்டிக்கொண்டாள். "போலாங்க்கா" என்றாள். கழியை ஆட்டோ மேல் கட்டிக்கொண்டு போனோம்.

6. ஒன்றரை மணி

கோதண்டம் பைக்கோடு வாசலில் நின்றிருந்தார். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். தன் வீட்டில் அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

கௌரியை நாற்காலியில் உட்காரவைத்தோம். சதீஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஹாலில் சாமான் இன்னும் பிரிக்காமல் இருந்தது. பின் சன்னல் திறந்திருந்தது. வெளியே சுவர், சுவரில் சின்ன கேட், அதற்கு அப்பால் சேறும் தண்ணீரும். காற்றே இல்லை.

ஒன்று இருபத்தைந்துக்கு நடு ஹாலில் டைல்ஸ் வேர்த்தது. பிறகு ஈரமானது. பிறகு தண்ணீராக நின்றது. சுவர்ப் பக்கமிருந்து ஒரு சொட்டு வரவில்லை. ஏரியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஏறிக்கொண்டிருந்தது.

"பைப் லீக்கு" என்றார் கோதண்டம்.

நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். "உப்பு."

"இந்தப் பக்கம் போர்த் தண்ணியே உப்புதான்."

அவர் சொன்னது சரிதான். அப்போது அந்தத் தண்ணீரில் ஏதோ துள்ளியது. ஒரு வெள்ளை இறால். விரல் நீளம். உயிரோடு இருந்தது. டைல்ஸ் மேல் இரண்டு முறை துள்ளி நாற்காலிக் கால் அருகே போய்க் கிடந்தது. கோதண்டம் அதைப் பார்த்தார். பிறகு பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"தட்டறாரு" என்றாள் கௌரி.

எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்குறாரு."

எழுந்துவிட்டாள். சதீஷ் இரண்டு கையாலும் பிடித்தான். ஒடிசலான பெண். அவனை இழுத்துக்கொண்டு பின்கதவுவரை போனாள். முகத்தில் பயம் இல்லை. வேலைக்கு நேரமானவள் முகம் அது. வாய் திறந்தது. "நாங்க" என்று ஆரம்பித்தாள்.

நான் கழியால் தரையில் இரண்டு தட்டு தட்டினேன். டைல்ஸ் ஒன்று விரிசல் விட்டது. அவள் நின்றாள்.

"கண்ணு, இப்ப சொல்லு. வீட்டு ஓனரு சாட்சி. நான் சாட்சி. விட்டுட்டோம்னு சொல்லு."

அவள் உதடு ஆடியது. சத்தம் வரவில்லை. தண்ணீர் என் கால் விரலைத் தொட்டது. அது ஐப்பசித் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. நடந்தது பங்குனியில்.

"விட்டுட்டோம்" என்றாள். பிறகு சத்தமாக, சன்னலைப் பார்த்து, "நாங்க விட்டுட்டோம்" என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சதீஷ் தாங்கிப் பிடித்தான்.

பாதி வேலை முடிந்தது. மீதி என்னுடையது. பின் கேட்டைத் திறந்து சேற்றில் இறங்கினேன். முழங்கால்வரை போனதும் கழியைக் குத்தினேன். நன்றாக இறங்கி நின்றது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் சொன்னதில்லை. ஓட்டர் லிஸ்டுக்காரன் கேட்டாலும் பக்கத்து வீட்டுக்காரிதான் சொல்வாள். அன்றைக்குச் சொன்னேன். இங்கே எழுதமாட்டேன்.

பெயரைச் சொல்லி, "பாட்ட விட்டுட்டோம். கழிய வெச்சிட்டேன். இனி யாரையும் கூப்பிடாத. போ" என்றேன்.

ஏரி அப்படியே இருந்தது. தூரத்தில் இரண்டு படகு. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

உள்ளேயிருந்து கௌரியின் குரல் வந்தது. "அக்கா, உங்கள கேக்குறாரு."

"இன்னா கேக்குறாரு?"

"'யாரு அது?'ன்னு."

தன் பெயரை என் வாயால் அவர் எப்போதாவது கேட்டிருந்தால்தானே ஆள் தெரியும்.

"நான்தான்" என்றேன்.

கௌரி எழுந்து சன்னலுக்கு வந்தாள். பிறகு சொன்னாள். "சரின்னாரு."

நான் திரும்பி வந்தபோது ஹாலில் தரை காய்ந்திருந்தது. இறால் மட்டும் கிடந்தது. செத்திருந்தது. அதை எடுத்துச் சுவருக்கு வெளியே போட்டேன்.

கோதண்டம் தெருவுக்குப் போய், பைக் சீட்டின் மேல் அக்ரிமெண்டை வைத்து, இருவர் சம்மதத்தில் ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அட்வான்ஸை அப்படியே திருப்பிக் கொடுத்தார். லாக்-இன் பற்றிப் பேசவில்லை. போகும்போது என்னிடம் மட்டும் கேட்டார்.

"அந்தக் கழிய எடுத்துடலாமா?"

"எடுக்காத, நைனா."

"சரி" என்றார். அன்றைக்கு அந்த வார்த்தையை இரண்டாவது முறையாகக் கேட்டேன்.

சதீஷ் சாமானை ஏற்றினான். கௌரி சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் ஒன்று கேட்க நினைத்தேன். விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"கொரலு எப்படி இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். "சளி புடிச்ச மாதிரி."

அவருக்கு எப்போதும் சளி.

7. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

அதற்குப் பிறகு நான் வீடு காட்டும்போது அளவு, வாடகை, தண்ணீர் எல்லாம் பின்னால்தான் சொல்கிறேன். அந்த இடம் முன்னால் என்னவாக இருந்தது, அதில் யார் வேலை செய்தார்கள் என்பதை முதலில் சொல்கிறேன். சிலர் அதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று போகிறார்கள். போகட்டும். கோதண்டத்தின் எட்டு வீடும் நிறைந்துவிட்டது. பின்பக்கத்து வீட்டில் இப்போது வலைக்கடை வைத்திருப்பவர் இருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தேன். "நம்ம ஆளுதானேக்கா" என்றார். அவருக்கு ஒன்றும் கேட்டதில்லை.

கையெழுத்துப் போட்டவர் நான்கே நாளில் வந்து வேண்டாம் என்றாலும் திட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். விடுவது என்று முடிவானால் பேப்பர், சாவி, வாய் மூன்றாலும் அன்றைக்கே விடச்சொல்லுங்கள். போனில் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நான் ஒன்றைப் பதினெட்டு வருடம் அப்படி விட்டு வைத்திருந்தேன். அதற்கு ஊர் தெரியாத ஒரு பெண் தண்ணீரில் இறங்கினாள்.

கழி இன்னும் அங்கேயே நிற்கிறது. போகும்போது வரும்போது பார்ப்பேன். நான் அன்றைக்கு "நான்தான்" என்று பதில் சொன்னேன் என்பது ஞாபகத்தில் இருக்கிறது. எங்கள் முறைப்படி பதில் சொன்னவர் இறங்கவேண்டும். இதுவரை என்னை யாரும் கூப்பிடவில்லை.

கொல்லையில் துணி காயப்போடக் கயிறு கட்டிவிட்டேன்.